பழைய காடி ஒழுகுதா? கேஸ்கெட் வாங்குறதுக்கு முன்னாடி படிக்க வேண்டிய முழு வழிகாட்டி

மோரிஸ் மைனர், டட்சன் 120ஒய், மினி, பீட்டல், டபிள்யூ123 மெர்சிடிஸ், ஏன், 1985ல வந்த முதல் புரோட்டான் சாகாவுக்கே இப்ப 40 வயசு ஆயிடுச்சு. இதுல எது உங்க வீட்டு போர்ச்சுல நின்னாலும் கீழ ஏதாவது ஒண்ணு சொட்டத்தான் செய்யும். சொட்டுறத நிறுத்த முடியும், ஆனா வரிசை முக்கியம். நான் பாத்த வரைக்கும் புதுசா கை வைக்கிறவங்க கஷ்டப்படுறது ஸ்பேனர் பிடிக்கத் தெரியாம இல்ல, ஒழுகுற எடத்த கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடியே கழட்ட ஆரம்பிச்சிடுறாங்க.

செந்தூல்ல ஒரு தம்பி, 120ஒய் வச்சிருக்கார். என்ஜினுக்கு அடியில எண்ணெ தேங்குற சம்ப்ல சொட்டுதுன்னு சம்ப் கேஸ்கெட்ட, அதாவது ரெண்டு பாகத்துக்கு நடுவுல கசியாம வைக்கிற அடைப்ப, ரெண்டு தடவ மாத்தினார், ரெண்டு ஞாயித்துக்கெழம போச்சு, சொட்டு நிக்கல. மூணாவது வாரம் நானும் போனேன். எதையும் கழட்டல, கழுவினோம், காய வச்சோம், பவுடர் தூவி 20 நிமிஷம் என்ஜின ஓட விட்டோம். பெட்ரோல் பம்பு என்ஜின் ப்ளாக்ல உக்காந்திருக்குல்ல, அந்த எடத்துல இருந்து தலமுடி அளவுக்கு ஒரு கறுப்புக் கோடு பவுடர் மேல எறங்கி, சம்ப் ஓரத்துக்கு வந்து, போல்ட் தலையில திரண்டு சொட்டாச்சு. சம்ப் மேல தப்பே இல்ல. பம்புக்கு அடியில இருக்க சின்ன கேஸ்கெட்தான்.

இந்த வழிகாட்டி முழுக்க அந்த மூணாவது வாரத்த முதல் வாரமா ஆக்குறதுக்குத்தான்.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியது

பெரிய டூல் பெட்டி தேவையில்ல. ரெண்டு நல்ல ஜேக் ஸ்டேண்டு, சக்கரத்துக்கு முட்டுக்கட்ட, எல்இடி டார்ச்சு, கைப்பிடி வச்ச சின்ன கண்ணாடி, டிகிரீசர், பழைய டூத்பிரஷ், ப்ரேக் கிளீனர், நூல் உதிராத துணி, சாதாரண முகப்பவுடர், பெரிய அட்டைப்பெட்டி ஒண்ணு, ரப்பர் கிளவுஸ், ஏபிசி பவுடர் தீயணைப்பான். அப்புறம் உங்க காடியோட ரிப்பேர் மேனுவல். எந்த போல்ட்ட எவ்ளோ முறுக்கணும், எந்த எண்ணெ எத்தன லிட்டர்னு அதுலதான் இருக்கு. யாரோ சொன்ன கணக்க நம்பி செய்யாதீங்க.

ஜேக் மட்டும் வச்சு காடிக்கு அடியில போகவே கூடாது. சிமெண்டுக் கல்லும் வேணாம், அது வளையாது, எச்சரிக்கை குடுக்காம ஒடஞ்சு நொறுங்கிடும். நம்ம தாமான் வீடுங்கள்ல போர்ச்சு தரை மழத்தண்ணி ஓடுறதுக்காக ரோட்டுப் பக்கம் சரிவா இருக்கும், மேல வழவழன்னு டைல்ஸ் வேற. அங்க ஸ்டேண்டு வச்சா சறுக்கும். ஸ்டேண்டுக்கு அடியில தடிச்ச பிளைவுட்டு போடுங்க, முட்டுக்கட்டய சரிவுப் பக்கம் வைங்க, ஸ்டேண்டுல எறக்கினதும் காடிய கையால நல்லா ஆட்டிப் பாருங்க. ஆடுச்சுன்னா எறக்கிட்டு மறுபடி வைங்க. இதுல அவசரமே கூடாது.

இன்னொண்ணு, காலையிலேயே ஆரம்பிங்க. கேஎல்ல சாயங்காலம் மழ புடிச்சா தரை நனஞ்சு எது மழத்தண்ணி எது ரேடியேட்டர் தண்ணின்னு பிரிக்க முடியாம போயிடும்.

2. முதல்ல எது ஒழுகுதுன்னு தெரியணும்

ராத்திரி காடிய நிறுத்தினதும் அட்டைய விரிச்சு அடியில போடுங்க. முன் சக்கரம் எங்க, பின் சக்கரம் எங்க, டிரைவர் பக்கம் எதுன்னு பேனாவால குறிச்சுக்குங்க. காலையில பாத்தா சொட்டு விழுந்த எடம், நிறம், அளவு மூணும் ஒரே எடத்துல கெடைக்கும். தேதியும் எழுதி அட்டைய பத்திரமா வைங்க, கடைசியில தேவப்படும்.

தேன் நெறம் இல்லன்னா கறுப்பு, தொட்டா வழுக்கும்: என்ஜின் ஆயில். அத விட கெட்டியா, அழுகின முட்ட மாதிரி கந்தக வாடை: கியர் ஆயில். செவப்பு: ஆட்டோ கியர் ஆயிலோ பவர் ஸ்டீயரிங்கோ. பச்சை இல்லன்னா ரோஸ், இனிப்பு வாடை: கூலண்ட், அதாவது ரேடியேட்டர்ல ஊத்துறது. தண்ணி மாதிரி தெளிவா இல்லன்னா லேசா மஞ்சளா, ஆனா விரல்ல பிசுபிசுன்னு, சக்கரத்துக்கு உள்பக்கமோ பெடலுக்கு நேர் கீழயோ இருந்தா ப்ரேக் ஆயில். அட்டையில கறையே இல்லாம வாடை மட்டும் வந்தா பெட்ரோல், அது ராத்திரியிலேயே ஆவியாயிடும்.

ஏசி போட்ட காடின்னா இடது பக்கமோ நடுவுலயோ சுத்தமான தண்ணி சொட்டும், அது ஏசி தண்ணி, நல்லதுதான். நாக்குல வச்சு பாக்குற பழக்கம் சில பேருக்கு இருக்கு, வேணாம்ங்க. கூலண்ட் வெஷம். இனிப்பா இருக்கதால பூனை நாய் நக்கிடும், அதனால கூலண்ட் தேங்கி நின்னா உடனே கழுவி விடுங்க.

3. எத முதல்ல சரி பண்ணணும்

ஒரே நேரத்துல நாலு எடத்துல ஒழுகுனா எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம கண்ணுக்கு அசிங்கமா தெரியிற என்ஜின் ஆயில்ல கை வைப்பாங்க. அது கடைசி. வரிசை இதுதான்: பெட்ரோல், ப்ரேக், தண்ணி, அப்புறம்தான் எண்ணெ.

பெட்ரோல் ஒழுகுனா காடி எரியும், ப்ரேக் ஒழுகுனா ஆள் போயிடுவோம், தண்ணி ஒழுகுனா என்ஜின் போயிடும். எண்ணெ சொட்டுறது தரைய அழுக்காக்கும், அளவ பாத்து ஊத்திக்கிட்டா ஒரு மாசம் பொறுக்கும். பெட்ரோலோ ப்ரேக்கோ ஒழுகுதுன்னா காடிய எடுக்காதீங்க, பக்கத்து ஒர்க்ஷாப்தானேன்னு ஓட்டிட்டும் போகாதீங்க, டோ டிரக் கூப்பிடுங்க.

4. கழுவுங்க, காய விடுங்க

40 வருஷ அழுக்கு மேல ஒழுகுற எடத்த தேட முடியாது. டிகிரீசர் அடிச்சு 10 நிமிஷம் ஊற விட்டு, பிரஷ் போட்டு தேச்சு, மெதுவா தண்ணி விட்டு கழுவுங்க. கழுவுறதுக்கு முன்னாடி டிஸ்ட்ரிபியூட்டர், கார்புரேட்டர் வாய், ஆல்டர்னேட்டர் மூணையும் பிளாஸ்டிக் பையால கட்டிடுங்க. என்ஜின் சூடா இருக்கும்போது கழுவ வேணாம்.

இங்க எல்லாரும் செய்ற தப்பு ஹை-பிரஷர் துப்பாக்கிய நேரா சீல் மேல, அதாவது எண்ணெ கசியாம பிடிக்கிற ரப்பர் வளையத்து மேல அடிக்கிறது. காஞ்சு போன பழைய ரப்பர் ஓரம் அந்த வேகத்துல மடங்கிக்கும், ஒழுகாத எடமும் ஒழுக ஆரம்பிச்சிடும். கார் வாஷ் கடையில குடுத்தீங்கன்னா இத சொல்லிட்டு குடுங்க.

கேஸ்கெட் சொரண்டுற வேலையில ஒரு விஷயம். பழைய கேஸ்கெட்டு, ப்ரேக் ஷூ, கிளட்ச் பிளேட் இதுலல்லாம் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு இருக்கு. காஞ்ச நெலையில உரசாதீங்க, காத்தடிச்சு ஊதாதீங்க. நனச்சுட்டு சொரண்டுங்க, மாஸ்க் போடுங்க, புள்ளைங்கள அந்தப் பக்கம் விடாதீங்க.

5. ஊத்துக்கண்ண தேடுங்க

எண்ணெ கீழ எறங்கும், காடி ஓடும்போது காத்து அத பின்னாடி தள்ளும். அதனால சொட்டு விழுற எடம் எப்பவும் ஒழுகுற எடத்துக்குக் கீழயும் பின்னாலயும்தான் இருக்கும். நீங்க தேட வேண்டியது ஈரமா இருக்க எடத்துலயே ஆக மேல, ஆக முன்னால இருக்க புள்ளிய.

காஞ்ச என்ஜின் மேல பவுடர லேசா தூவுங்க, பஞ்சுல தட்டி ஊதினா போதும். என்ஜின ஓட விட்டு சூடாக்குங்க. பவுடர் வெள்ளையா இருக்க வரைக்கும் அந்த எடம் சுத்தம், நனஞ்சு கறுத்தா அங்க இருந்து மேல மேல கண்ணாடியும் டார்ச்சும் வச்சு ஏறுங்க. ஃபேன் பெல்ட்டு ஓடிக்கிட்டு இருக்கும், அதனால தொளதொள சட்டை, கழுத்துச் செயின், துணி எதுவும் பக்கத்துல போகக் கூடாது. உள்ள நல்லா பாக்கணும்னா என்ஜின நிறுத்திட்டு பாருங்க.

சும்மா நின்னா ஒழுகாது, ஓடினாத்தான் ஒழுகும்ங்கிற கேஸும் இருக்கு. அதுக்கு எண்ணெயில கலக்குற யூவி சாயம் கெடைக்கும். ஊத்திட்டு ரெண்டு நாள் ஓட்டிட்டு ராத்திரியில யூவி டார்ச்சு அடிச்சா ஒழுகுன தடம் மஞ்சப் பச்சையா மின்னும். இதுக்கு ஆகுற செலவு தேவையில்லாம ஒரு தடவ கியர்பாக்ஸ் எறக்குற கூலியோட பாத்தா ஒண்ணுமே இல்ல.

6. கேஸ்கெட்டுக்கு முன்னாடி ப்ரீதர்

இந்த ஒரு படிய தாண்டிப் போறவங்கதான் அதிகம், அதனால இங்க கொஞ்சம் நின்னு சொல்றேன்.

என்ஜின் ஓடும்போது பிஸ்டன் ரிங்கத் தாண்டி கொஞ்சம் காத்து சம்புக்குள்ள எறங்கும், எந்த என்ஜினுக்கும் உண்டு. அந்தக் காத்து ப்ரீதர் குழாய் வழியா, பிசிவி வால்வு வழியா வெளிய போகணும். அந்த வழி பிசின் புடிச்சு அடச்சுட்டா உள்ள அழுத்தம் ஏறும், ஏறின அழுத்தம் எங்க பலவீனமோ அங்க எண்ணெய வெளிய தள்ளும். நீங்க வால்வு கவர் கேஸ்கெட் மாத்துனா அடுத்த வாரம் முன் சீல் ஒழுகும், அத மாத்துனா பின் சீல். பழைய வோல்வோ 240 வச்சிருக்கவங்க ப்ரீதர் வழியில இருக்க ஃப்ளேம் டிராப்ப கழட்டி கழுவணும்னு சொல்றது இதுக்காகத்தான்.

சோதிக்கிறது சுலபம். என்ஜின் ஐடில்ல ஓடும்போது ஆயில் ஊத்துற மூடிய எடுத்துட்டு ஓட்டை மேல ஒரு மெல்லிசு பிளாஸ்டிக் ஷீட்ட வைங்க. பிசிவி இருக்க என்ஜின்ல அது லேசா உள்ள இழுபடணும். தூக்கி அடிச்சா ஒண்ணு ப்ரீதர் அடைப்பு, இல்லன்னா ரிங்கு தேஞ்சிருக்கு. முதல்ல குழாய கழட்டி மண்ணெண்ணெயில ஊற வச்சு கழுவி, பிசிவி வால்வ ஆட்டிப் பாருங்க, உள்ள கடகடன்னு சத்தம் கேக்கணும். கழுவி மாட்டுன பெறகும் தூக்கி அடிக்குதுன்னா சிலிண்டர் அழுத்தம் பாக்குற கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுத்துட்டுத்தான் மேற்கொண்டு போகணும். ரிங்கு போன என்ஜினுக்கு சீல் மாத்துறது காச கரைக்கிற வேலை.

எண்ணெ அளவையும் இப்பவே பாத்துடுங்க. எண்ணெ அளவு பாக்குற கம்பியில, அதான் டிப்ஸ்டிக்ல, இருக்க கோட்டுக்கு மேல ஊத்தி வச்சிருந்தா அதுவே ஒழுகலுக்குக் காரணமா இருக்கலாம். அப்புறம் 20டபிள்யூ-50 குடிச்சு பழகுன பழைய என்ஜினுக்கு புதுக் காடிக்கு ஊத்துற தண்ணி மாதிரி 5டபிள்யூ-30 ஊத்துனா நேத்து வரைக்கும் ஒழுகாத எடமும் கசியும். நம்ம ஊரு சூட்டுக்கு மேனுவல்ல சொன்ன கெட்டி எண்ணெதான் சரி.

7. பெட்ரோல்

பேட்டரி நெகட்டிவ் வயர கழட்டுறது முதல் வேலை, ஸ்பேனர் ஒண்ணு தெரியாம பட்டு பொறி பறந்தாலே போதும். என்ஜின் முழுசா ஆறணும். டார்ச்சு எல்இடிதான், பழைய பல்பு லேம்ப் கீழ விழுந்து ஒடஞ்சா அதுவே நெருப்பு. வெள்ளிக்கெழம சாயங்காலம் வாசல்ல சாம்பிராணி, சூடம் கொளுத்துற வீடுன்னா அன்னைக்கு இந்த வேலை வேணாம். பெட்ரோல் ஆவி காத்த விட கனம், தரையோட தரையா நகந்து போய் தூரத்துல இருக்க நெருப்பயும் புடிச்சுக்கும்.

பாக்க வேண்டியது மூணு எடம். முதல்ல ரப்பர் ஹோஸ். மடக்கிப் பாத்தா வெடிப்பு தெரியும். என்ஜின் பக்கம் இருக்கறத எல்லாரும் மாத்திடுவாங்க, டாங்குக்கிட்ட ஒரு அரையடி ஹோஸ் இருக்கும், அத யாரும் குனிஞ்சு பாக்குறதில்ல. எல்லாத்தையும் ஒரே நாள்ல பெட்ரோலுக்குன்னே வர்ற ஹோஸ்ல மாத்துங்க, ரேடியேட்டர் ஹோஸோ வாக்யூம் ஹோஸோ ஆகாது. கிளிப்பும் உள்பக்கம் வழவழப்பா இருக்க பெட்ரோல் கிளிப்பா வாங்குங்க, பல்லு வச்ச கிளிப்பு ரப்பர அறுத்துடும்.

ரெண்டாவது கார்புரேட்டர் நிரம்பி வழியிறது. பெட்ரோல் வரத்த நிறுத்துற நீடில் வால்வுல தூசி மாட்டிக்கிட்டா பெட்ரோல் நிக்காம ஏறி ஓவர்ஃப்ளோவுல ஒழுகும். மூடிய தெறந்து மிதவைய எடுத்து காதுகிட்ட ஆட்டுங்க, உள்ள தளும்புற சத்தம் கேட்டா மிதவை ஓட்டை, மாத்தணும். மூணாவது பெட்ரோல் பம்பு உள்ள இருக்க சவ்வு, டயஃப்ரம். அது கிழிஞ்சா பெட்ரோல் வெளிய மட்டும் இல்ல, சில என்ஜின்ல சம்புக்குள்ளயும் எறங்கும். டிப்ஸ்டிக்ல பெட்ரோல் வாடை அடிச்சா என்ஜின ஸ்டார்ட் பண்ணாதீங்க, எண்ணெய மாத்திட்டுத்தான் மத்தது.

8. ப்ரேக்

சில பழைய காடிங்கள்ல ப்ரேக் ஒரே சர்க்கியூட்டுன்னு நெறைய பேருக்குத் தெரியாது. மோரிஸ் மைனர் அப்படித்தான். ஒரு சக்கரத்துல சீல் போனா நாலு சக்கரத்துக்கும் ப்ரேக் இல்ல. என் மைனர்ல ஒரு நாள் ஜாலான் ஈப்போ சிக்னல்ல பெடல் மிதிச்சது மிதிச்சபடி தரைக்குப் போயிடுச்சு, ஹேண்ட்ப்ரேக் இழுத்து எறங்கினேன். பின் இடது வீல் சிலிண்டர் சீல். ரெண்டு வாரமா டயருக்கு உள்பக்கம் ஈரமா இருந்தத மழத்தண்ணின்னு நெனச்சு விட்டுட்டேன், அந்த ஈரத்த தொட்டுப் பாத்திருந்தா பிசுபிசுப்பு சொல்லியிருக்கும். இப்ப மாசம் ஒரு தடவ நாலு சக்கரத்துக்கும் உள்பக்கம் விரல் வச்சு பாக்காம இருக்கறதில்ல.

முதல்ல ஆயில் அளவு. பெடல் மிதிச்சா ஆயில தள்ளுற மாஸ்டர் சிலிண்டர் மைனருக்கு டிரைவர் காலுக்கு அடியில, தரைக்குக் கீழ இருக்கு. கார்ப்பெட்ட தூக்கி மூடிய எடுத்துத்தான் பாக்கணும், அதனாலயே பாக்காம விட்டுடுறாங்க. மூடிய தெறக்குறதுக்கு முன்னாடி சுத்தி இருக்க மண்ண துடைங்க, ஒரு பொடி உள்ள விழுந்தா சீல அறுக்கும்.

அடுத்து டிரம்மக் கழட்டி வீல் சிலிண்டரோட ரப்பர் உறைய ஓரமா மடக்கிப் பாருங்க. உள்ள ஈரம்னா சீல் போயிடுச்சு. மைனருக்கு முன்னாடி ஒவ்வொரு சக்கரத்துக்கும் ரெண்டு சிலிண்டர், பின்னாடி ஒவ்வொண்ணு, ஆக ஆறையும் பாக்கணும். சிலிண்டர் உள்பக்கம் கண்ணாடி மாதிரி இருந்தா ரப்பர் கிட்டு போடலாம். நகத்தால தடவும்போது குழி தட்டுனா புதுசா மாத்துங்க, குழி மேல புது ரப்பர் போட்டா ரெண்டு மாசத்துல கிழிஞ்சிடும்.

எண்ணெ பட்ட ஷூவ கழுவியோ, நெருப்புல காட்டியோ திரும்பப் போடாதீங்க. உள்ள ஊறினது சூட்டுல மறுபடி வெளிய வந்து ஒரு பக்கம் இழுக்கும். ரெண்டு பக்கமும் ஜோடியா மாத்துங்க.

ப்ரேக் பாகத்த பெட்ரோல், மண்ணெண்ணெ, என்ஜின் ஆயில் எதாலயும் கழுவாதீங்க, ரப்பர் ஊதிப் பெருத்துடும். ப்ரேக் கிளீனர் இல்லன்னா புது ப்ரேக் ஆயில், அவ்வளவுதான். பெயிண்ட் மேல ப்ரேக் ஆயில் பட்டா உரிச்சிடும், பட்ட உடனே நெறைய தண்ணி ஊத்துங்க.

வெளிய ஒரு சொட்டு கூட இல்ல, ஆனா டப்பாவுல அளவு எறங்கிட்டே போகுதா? சர்வோ (ப்ரேக் மிதிய லேசாக்குறது) வச்ச காடின்னா மாஸ்டர் சிலிண்டர் பின் சீல் வழியா சர்வோவுக்குள்ள போகுது, என்ஜின் அத இழுத்து எரிச்சு எக்சாஸ்ட்ல வெள்ளப் பொகையா விடும்.

டாட் 4 ரக ப்ரேக் ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது. காத்துல இருக்க ஈரத்த உறிஞ்சின பெறகு அந்த வரம்பு 155ன்னு எறங்கிடும். நம்ம ஊரு காத்து எப்படின்னு சொல்லத் தேவையில்ல. கெந்திங் மலையில இருந்து எறங்கும்போது பெடல் பஞ்சாகுறது இதனாலதான். போத்தல் தெறந்து ரொம்ப நாள் ஆச்சுன்னா தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க. டாட் 5ன்னு சிலிக்கோன் ஒண்ணு விக்கிறாங்க, அத டாட் 3, 4ஓட கலக்கவே கூடாது.

ப்ளீட் பண்றது, அதாவது ப்ரேக் குழாய்ல இருக்க காத்த வெளியேத்துறது, மேனுவல்ல சொன்ன வரிசையில. வேற ஒண்ணும் சொல்லலன்னா மாஸ்டருக்கு ஆகத் தூரமா இருக்கறதுல இருந்து, நம்ம ரைட்-ஹேண்ட் காடிக்குப் பொதுவா பின் இடது முதல்ல. முடிச்சதும் பெடல ஒரு நிமிஷம் பலமா மிதிச்சுப் பிடிங்க, மெதுவா எறங்குனா இன்னும் எங்கயோ கசியுது, காடி ரோட்டுக்குப் போகக் கூடாது.

9. ரேடியேட்டர் தண்ணி

சூடா இருக்கும்போது மூடிய தெறக்காதீங்க, ஒரு மணி நேரமாவது ஆற விடுங்க. 7 பிஎஸ்ஐ மூடி போட்ட காடியில தண்ணி 100ல இல்ல, சுமார் 111 டிகிரியிலதான் கொதிக்கும். மூடிய தெறந்த அடுத்த நொடி அழுத்தம் போயிடும், 100க்கு மேல இருக்க தண்ணி சட்டுன்னு கொதிச்சு, ஆவியும் கொதிதண்ணியுமா முகத்துக்கு அடிக்கும்.

சரியான மூடிதானான்னு பாருங்க. சூடு ஏறுதுன்னு 7 போட வேண்டிய எடத்துல 15 போட்டு விடுறத பாத்திருக்கேன், அழுத்தம் ரெண்டு மடங்கானதும் ஹீட்டர் ஹோஸ், ரேடியேட்டர் தையல் எல்லாம் வரிசையா விட்டுடும்.

வாட்டர் பம்புக்கு அடியில ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதுல தண்ணி வந்தா பம்பு சீல் போச்சுன்னு பம்பே சொல்லுது. அந்த ஓட்டைய சிலிக்கோன் வச்சு அடைக்காதீங்க, தண்ணி பேரிங்குக்குள்ள போய் பம்பு இறுகிடும். ப்ளாக் ஓரத்துல இருக்க வட்ட பிளக்குங்க வெறும் பைப்புத் தண்ணி வருஷக்கணக்கா ஊத்தினதால உள்ள இருந்து துருப்பிடிக்கும், வெளிய ஊசிமுன அளவு ஓட்டை தெரிஞ்சா உள்ள காகிதம் மாதிரி ஆயிருக்கும், ஒண்ணு போனா மத்ததயும் சேத்தே மாத்துங்க. பெறகு கூலண்ட்டும் சுத்திகரிச்ச தண்ணியும் கலந்து ஊத்துங்க.

ஒழுகல் அடைக்கிற மருந்து போத்தல் பத்தி எல்லாரும் கேக்குறாங்க. நடு ரோட்டுல மாட்டிக்கிட்டா வீடு வந்து சேர உதவும், ஆனா ஏற்கனவே பாதி அடச்சிருக்க பழைய ரேடியேட்டருக்குள்ள அது ஓட்டைய மட்டும் அடைக்காது. நான் ஊத்துறதில்ல.

வெளிய எங்கயும் ஈரமில்லாம தண்ணி கொறஞ்சா, ஆயில் மூடிக்கு அடியில பால் காப்பி மாதிரி இருந்தா, ஹெட் கேஸ்கெட் சந்தேகம். தினம் கடைக்கு மட்டும் ஓட்டுற காடியில உள்ள ஆவி குளுந்து படியிற தண்ணியாலயும் அந்தப் பால் படியும், அதனால டிப்ஸ்டிக்கயும் பாத்துட்டு பயப்படுங்க.

10. வால்வு கவரும் சம்பும்

எண்ணெ ஒழுகலுக்கு வால்வு கவர்ல ஆரம்பிங்க, அதுதான் ஆக மேல இருக்கு, செலவும் கொறச்சல்.

ஒழுகுதுன்னு நட்ட இன்னும் ரெண்டு சுத்து இறுக்குறதுதான் கெடுக்குறது. கார்க் கேஸ்கெட் நசுங்கிப் பிளந்துடும், தகடு கவர் போல்ட் எடத்துல மட்டும் குழிஞ்சு நடுவுல தூக்கிக்கும். அப்புறம் எத்தன புது கேஸ்கெட் போட்டாலும் நிக்காது. கழட்டின கவர கண்ணாடி மேல கவுத்து வச்சு ஓரத்துல டார்ச்சு அடிங்க, வெளிச்சம் நுழையிற எடம் வளைஞ்சிருக்கு. போல்ட் ஓட்டைய மரக்கட்ட மேல வச்சு உருண்ட தல சுத்தியால உள்பக்கம் இருந்து லேசா தட்டி சமப்படுத்துங்க. சம்புக்கும் இதே முறைதான்.

ரெண்டு பக்கமும் ப்ரேக் கிளீனர் போட்டு எண்ணெ இல்லாம துடைங்க, ஈரத்து மேல எதுவும் ஒட்டாது. நட்ட நடுவுல இருந்து ஓரத்துக்கு, மாத்தி மாத்தி, கொஞ்சம் கொஞ்சமா, மேனுவல் அளவுக்கு முறுக்குங்க.

சிலிக்கோன் தேவப்படுற எடம் மூலையும் ரெண்டு பாகம் சேர்ற முனையும்தான், அதுவும் தீக்குச்சி கனத்துக்கு. பல்பசை மாதிரி பிதுக்கி வச்சா வெளிய எவ்ளோ பிதுங்குதோ அவ்ளோ உள்ளயும் பிதுங்கும், பிஞ்சு விழுந்து ஆயில் பம்பு வலைய அடைக்கும், என்ஜினே பிடிச்சிடும். வச்சுட்டு ஒரு ராத்திரி காய விடுங்க.

டிரெயின் பிளக்ல சொட்டுனா செப்பு வாஷர புதுசு போடுங்க. பீட்டலுக்கு புஷ்ராட் குழாய் எட்டு, அதோட ரெண்டு முனையும் பாக்கணும்.

11. சுத்துற சீலுங்க

முன் கிராங்க் சீல், அதாவது என்ஜினோட சுழல்தண்டு முன் முனையில இருக்கறது, வீட்டுலயே செய்யலாம். பழைய சீல்ல உள் அளவு, வெளி அளவு, கனம் மூணும் 35, 50, 8 மாதிரி எழுதியிருக்கும். அத பேரிங் கடையில காட்டுனா அதே அளவு குடுத்துடுவாங்க, அந்த காடிக்குன்னு பேர் போட்ட டப்பா தேவையில்ல. பிரிட்டிஷ் காடிங்களுக்கு அளவு இஞ்சுல, கிட்டத்தட்ட சரியா இருக்குன்னு மில்லிமீட்டர்ல போட்டுடாதீங்க.

புது சீல் போடுறதுக்கு முன்னாடி ஷாஃப்ட்ட நகத்தால தடவுங்க. பள்ளம் தட்டுனா புது சீலும் அதே பள்ளத்துல உக்காந்து ஒழுகும். ஒண்ணு சீல ஒரு மில்லிமீட்டர் தள்ளி உக்கார வைங்க, இல்லன்னா ஷாஃப்ட் மேல மெல்லிசு ஸ்லீவ் ஏத்துங்க. சீல் உதட்டுல எண்ணெ தடவணும், ஸ்ப்ரிங் இருக்க பக்கம் எண்ணெ இருக்க பக்கம் பாக்கணும், பெரிய சாக்கெட் வச்சு நாலா பக்கமும் சமமா தட்டணும்.

பின் சீல்னு ஒர்க்ஷாப்ல சொன்னா உடனே சரின்னு சொல்லாதீங்க, கியர்பாக்ஸ எறக்குற வேலை அது. என்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ற பெல் ஹவுசிங் அடியில ஒழுகுறத மோந்து பாருங்க, கந்தக வாடைன்னா கியர்பாக்ஸ் முன் சீல், வெறும் எண்ணெ வாடைன்னா கிராங்க் பக்கம், இல்லன்னா மேல வால்வு கவர்ல இருந்து பின்னாடி வழிஞ்சது. மைனர் மாதிரி பழைய ஏ-சீரிஸ் என்ஜின்ல பின்னாடி இப்ப மாதிரி ரப்பர் சீல் கெடையாது, எண்ணெய திருப்பி விடுற மரைதான் இருக்கு. அதுல ராத்திரிக்கு அம்பது காசு அளவு ஒரு கறை விழுந்தா கிளட்ச் வழுக்காத வரைக்கும் விட்டுடலாம். எப்படியும் கிளட்ச் மாத்த எறக்கும்போது பாத்துக்கலாம்.

12. கியர்பாக்ஸ், டிஃப்

எண்ணெய எறக்குறதுக்கு முன்னாடி ஊத்துற பிளக்கு கழலுதான்னு பாருங்க. கீழ எறக்கிட்டு மேல பிளக்கு துருப்பிடிச்சு கழலாம காடி நகர முடியாம நின்ன கதை எனக்கு ரெண்டு தெரியும்.

டிஃப் (பின் சக்கரங்களுக்கு சக்திய பிரிச்சுக் குடுக்குற பெட்டி) மேலயும் ஒரு ப்ரீதர் உண்டு, மண்ணு அடச்சிருக்கும். அடச்சா சூட்டுல காத்து விரிஞ்சு ஆக்சில் சீல் வழியா எண்ணெய பின் ப்ரேக் ஷூ மேல தள்ளும். கம்பி விட்டு சுத்தம் பண்ணிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் சீல் வாங்குங்க. மேனுவல்ல கியர் ஆயில் ரகம் ஜிஎல்-4ன்னு இருந்தா ஜிஎல்-5 ஊத்தாதீங்க, பழைய கியர்பாக்ஸ்ல பித்தளை சின்க்ரோ ரிங்க அதோட கந்தக மருந்து அரிக்கலாம்.

13. ஓட்டிப் பாத்துட்டு மறுபடி அட்டை

ஒரு நேரத்துல ஒரு ஒழுகல மட்டும் சரி பண்ணுங்க. மூணையும் சேத்து கழட்டிட்டு மறுபடி சொட்டுனா எந்த வேலை தப்புன்னு தெரியாது.

முடிச்சதும் அடியில எல்லாம் துடைச்சுட்டு, ஐடில்ல பத்து நிமிஷம், தாமானுக்குள்ள ரெண்டு சுத்து, ப்ரேக் தொட்டிருந்தா முதல்ல மெதுவா நிறுத்திப் பாத்துட்டு, பெறகு எம்ஆர்ஆர்2 நெடுஞ்சாலையில அரை மணி நேரம். வந்ததும் புது அட்டை. மறுநாள் காலையில அத முதல் நாள் அட்டையோட பக்கத்துல வச்சுப் பாருங்க, அதே புள்ளி அதே எடத்துல இருக்கா, சின்னதாச்சா, எடம் மாறிடுச்சான்னு. மூணாவது நாள் எண்ணெ, தண்ணி, ப்ரேக் ஆயில் மூணு அளவையும் திரும்பப் பாருங்க. கார்க் கேஸ்கெட் சூடு பட்டு கொஞ்சம் அமுங்கும், அப்ப ஒரு தடவ மேனுவல் அளவுக்கு முறுக்கு சரி பாக்கலாம்.

எறக்கின கறுப்பு எண்ணெய லோங்காங்ல, அதான் சாக்கடையில, ஊத்தாதீங்க. மலேசிய சட்டத்துல அது எஸ்டபிள்யூ 305ன்னு பேர் போட்ட கழிவு, நம்ம செந்தூல் சுத்துவட்டார லோங்காங் எல்லாம் கடைசியில கோம்பாக் ஆத்துக்குத்தான் போகுது. பழைய அஞ்சு லிட்டர் போத்தல்ல ஊத்தி, மூடி இறுக்கி, மேல எண்ணெயா கூலண்ட்டான்னு எழுதி, எண்ணெ சேக்குற ஒர்க்ஷாப்ல குடுத்துடுங்க. கூலண்ட்டயும் எண்ணெயும் ஒரே போத்தல்ல கலந்தா அவங்க வாங்க மாட்டாங்க.